விதியைத் தளர்த்தினார்களா, திருத்தினார்களா?

"முரளிதரனுக்காகக் கிரிக்கெட் விதியையே மாற்றிவிட்டார்கள்." இருபது வருடமாக இந்த வாக்கியத்தைக் கேட்டுவருகிறேன். டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறேன், இப்போது வாட்ஸ்அப்பில் படமாகவே வருகிறது. 800 விக்கெட் எடுத்த ஒரு மனிதனின் வாழ்க்கையை ஒரே வரியில் கழித்துவிடும் வாக்கியம் இது. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். விதியை மாற்றுவது என்றால் என்ன என்று அவர்கள் யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எனக்கு யோசித்தே ஆகவேண்டிய உத்தியோகம் அமைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் அரசு அலுவலகத்தில் விதிகளை வைத்துக் குறிப்பு எழுதியதுதான் என் பிழைப்பு. ஆகவே இந்த வழக்கில் நானும் ஒரு நோட் போடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிரிக்கெட் ஆடியவன் அல்லன். பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்குப் பள்ளியில் கால்பந்துதான். பெரியவர்கள், அதிலும் 'சொல்தா' என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர்கள், சாயங்காலமானால் இரும்புக் குண்டுகளை எடுத்துக்கொண்டு பெத்தாங் ஆடப் போவார்கள். கிரிக்கெட் எங்களுக்கு இங்கிலீஷ்காரன் விட்டுப்போன விளையாட்டு. சோரியாங்குப்பத்திலிருந்து தென்பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர். அந்தப் பக்கத்துப் பையன்கள் ஆடுவதை ஆற்றங்கரையில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த பிறகு, அலுவலக நண்பர் ஒருவர் மேசைக்கடியில் வைத்திருந்த டிரான்சிஸ்டர்தான் எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது. அதனால் எந்த ஆட்டக்காரருக்கும் நான் பரம ரசிகன் இல்லை. விதி எங்கே இருக்கிறது, அதை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: அமெரிக்கர்களின் பேஸ்பாலில் பந்தை வீசுகிறவர் முழங்கையை மடக்கி, சட்டென்று நீட்டி எறிவார். அங்கே அதுதான் முறை. கிரிக்கெட்டில் அதுவே குற்றம். கை தோள் உயரத்துக்கு வந்த பிறகு, பந்து விரலை விட்டுப் போகும்வரை, மடங்கிய முழங்கையை நீட்டக் கூடாது. கை மடங்கியே இருந்தால் தவறில்லை. மடங்கியதை நீட்டினால்தான் தவறு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதை 'மாங்கா அடிக்கிறான்' என்பார்கள். மாமரத்தில் கல் எறிகிற மாதிரி என்று பொருள். முரளிதரன் மீது வந்த குற்றச்சாட்டு இதுதான்.

அவர் யார் என்று பார்ப்போம். 1972 ஏப்ரல் 17 அன்று கண்டியில் பிறந்தவர். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். பின்னாளில் தாத்தா திருச்சிப் பக்கம் திரும்பிவிட, அப்பா முத்தையா அங்கேயே தங்கி பிஸ்கட் தொழில் நடத்தினார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அப்பாவுக்கு வெட்டுக் காயம். முரளிக்கு அப்போது 5 வயது.

மலையகத் தமிழர்களின் கதையில் ஒரு சட்டம் வருகிறது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். தோட்டத்தில் தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று இரண்டு அரசுகள் மனிதர்களைப் பங்கு பிரித்தன. புதுச்சேரிக்காரனான எனக்கு இது கூடுதலாக உறைக்கும். 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று எங்கள் பெரியவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் இருந்தது. எங்களைக் கேட்டார்கள், அவர்களைக் கேட்கவில்லை. ஒரு காகிதம் மனிதனை என்ன செய்யும் என்று அறிந்த சமூகத்தில் பிறந்தவர் முரளிதரன். விதியோடு சண்டை போடாமல் விதிக்கு முன்னால் போய் நிற்கும் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். 14 வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். 1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் விக்கெட் கிரெய்க் மெக்டெர்மாட். மூன்று ஆண்டு எந்த வில்லங்கமும் இல்லை.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ஆஸ்திரேலிய நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவரில் ஏழு முறை 'நோ-பால்' சொன்னார். பந்தை எறிகிறாராம். வழக்கமாக இந்தக் குற்றத்தைப் பக்கவாட்டில் நிற்கும் நடுவர்தான் கவனித்துச் சொல்வார். ஹேர் பந்துவீச்சாளர் ஓடிவரும் முனையில் நின்றுகொண்டே சொன்னார். கேப்டன் அர்ஜுன ரணதுங்க, முரளியை எதிர்முனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. அதே கை, அதே பந்து, அதே மைதானம். ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் குற்றமில்லை!

பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5 அன்று, பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் என்ற நடுவர் மறுபடி ஏழு முறை சொன்னார். சந்தேகத்தைப் போக்குவதற்காக முரளி லெக் பிரேக் வீசிப் பார்த்தார். அந்தப் பந்தை முழங்கையை நீட்டி எறிவது மிகக் கடினம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதற்கும் நோ-பால். அப்போது அங்கே தீர்ப்புச் சொன்னது கண்ணா, முன்முடிவா என்று கேட்கத் தோன்றுகிறது. 1999-இல் அடிலெய்டில் எமர்சனே மீண்டும் சொன்னார். ரணதுங்க ஆட்களை அழைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை போய்விட்டார். ஆட்டம் சிறிது நேரம் நின்று பிறகு நடந்தது.

முரளி செய்தது என்ன? பத்திரிகையில் புலம்பவில்லை. பரிசோதனைக்குப் போனார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அதிவேகக் கேமராக்கள் வைத்து அவர் கையை அளந்தார்கள். பிறவியிலேயே அவர் முழங்கை முழுவதும் நீளாது என்று தெரிந்தது. மடங்கிய அந்தக் கையும், அபாரமாகச் சுழலும் மணிக்கட்டும், வளைந்து கொடுக்கும் தோளும் சேர்ந்து, எறிவது போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்கின. தோற்றம் வேறு, செயல் வேறு. 2004-இல் முழங்கை அசையாதபடி இரும்புப் பட்டை வைத்த கட்டு ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, இங்கிலாந்தில் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் வீசிக் காட்டினார். ஆஃப் ஸ்பின், மேற்சுழல், தூஸ்ரா, மூன்றையும். ரவி சாஸ்திரியும் மைக்கேல் ஸ்லேட்டரும் அந்தக் கட்டைத் தங்கள் கையில் மாட்டிப் பார்த்து, அதை வளைக்க முடியாது என்று உறுதி செய்தார்கள். இப்படி நிரூபிக்கவேண்டிய நிலை வேறு எந்தப் பெரிய பந்துவீச்சாளருக்கும் வந்ததாக நான் படித்ததில்லை.

இப்போது விதிக்கு வருவோம். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

2004-க்கு முன்னால் ஐசிசி ஒரு கணக்கு வைத்திருந்தது. வேகப்பந்துக்காரர் முழங்கையை 10 டிகிரி வரை நீட்டலாம், மிதவேகத்துக்கு 7.5, சுழற்பந்துக்கு 5. அந்த ஆண்டு முரளியின் தூஸ்ராவை ஆட்ட நடுவர் கிறிஸ் பிராட் புகார் செய்தார். அளந்ததில் சுமார் 14 டிகிரி வந்தது. பயிற்சி எடுத்துச் சுமார் 10-க்குக் குறைத்தார். அப்போதும் 5-ஐ விட அதிகம். தூஸ்ரா வீச வேண்டாம் என்று இலங்கை வாரியம் சொன்னது. ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரை 'எறிகிறவர்' என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு நாட்டுப் பிரதமருக்கு இன்னொரு நாட்டு ஆட்டக்காரனின் முழங்கை பற்றி அபிப்பிராயம்! அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை.

பிறகு ஐசிசி ஒரு நல்ல காரியம் செய்தது. ஒருவரை மட்டும் அளக்காமல், எல்லோரையும் அளந்தது. 2004 செப்டம்பரில் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் வீசியவர்களின் கைகளை அதிவேகக் கேமராவில் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் முழங்கையைக் கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்ராத், பொல்லாக் போன்று சுத்தமான கைக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவர்கள்கூட 10-ஐத் தாண்டினார்கள் என்று செய்தி வந்தது. வெறும் கண்ணுக்குச் சுமார் 15 டிகிரி வரை வித்தியாசம் தெரியாது என்பதும் தெளிவானது. அதாவது, பழைய விதிப்படி பார்த்தால் குற்றவாளி ஒருவர் அல்லர், ஊரே குற்றவாளி. ஆராய்ந்த குழுவில் மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கேல் ஹோல்டிங் இருந்தார். முன்பு முரளியின் கையைச் சந்தேகித்தவர் அவர். ஆதாரத்தைப் பார்த்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார். 2005 மார்ச் 1 முதல் எல்லா வகைப் பந்துவீச்சாளருக்கும் 15 டிகிரி என்று ஒரே அளவு வந்தது.

இதைத்தான் 'முரளிக்காக மாற்றினார்கள்' என்கிறார்கள்.

அரசு அலுவலகத்தில் இரண்டு வேறு காரியங்கள் உண்டு. ஒன்று விதித் தளர்வு. ஒருவருக்கு வயது இரண்டு மாதம் கூடிப்போயிருக்கும், அல்லது ஒரு சான்றிதழ் குறையும். மேலிடம் மனமிரங்கி அவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தும். அந்த ஆணையின் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'இதனை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.' எத்தனை முறை அந்த வரியைத் தட்டச்சு செய்யக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அடுத்த ஆள் அதே குறையோடு வந்தால் கதவு மூடியிருக்கும். அதுதான் சலுகை.

மற்றது விதித் திருத்தம். விதியே நடைமுறைக்கு ஒவ்வாதது, அது எல்லோரையும் தவறாக அளக்கிறது என்று தெரியவரும்போது செய்வது. அது முதலில் யாரோ ஒருவரின் மனுவால்தான் வெளிச்சத்துக்கு வரும். அதற்காக அது அந்த ஒருவருக்குக் கொடுத்த சலுகை ஆகிவிடாது. எங்கள் பாகூர்ப் பகுதியில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தே விரல்ரேகை தேய்ந்துபோன தாய்மார்கள் பலர். கைரேகை வைக்கும் எந்திரம் வந்த புதிதில், அது அவர்களை 'நீ நீயல்ல' என்று திருப்பி அனுப்பியது. பிறகு கருவிழியைப் படமெடுத்தும் சரிபார்க்கலாம் என்று வழி வந்தது. முதலில் முறையிட்ட ஒரு பாட்டிக்காக விதியை வளைத்தார்கள் என்று யாராவது சொல்வார்களா? உழைத்துத் தேய்ந்த விரல் எந்திரத்துக்குத் தெரியவில்லை என்பதுதானே உண்மை?

15 டிகிரி விதியில் 'முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது' என்ற வரி இல்லை. அது மெக்ராத்துக்கும் பொருந்தியது, முரளிக்கும் பொருந்தியது, நாளைக்கு எங்கள் துத்திப்பட்டு மைதானத்தில் வீசப்போகும் பையனுக்கும் பொருந்தும். பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சுப் புரட்சியைப் பாடமாக நடத்திய ஆசிரியர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: சட்டம் காப்பாற்றினாலும் சரி, தண்டித்தாலும் சரி, எல்லோருக்கும் ஒரே முகத்தைக் காட்டவேண்டும். இந்த விதி தண்டிக்கவும் செய்தது என்பதைப் பாருங்கள். 2014-இல் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் ஒருநாள் ஆட்டத்தில் முதலிடத்துப் பந்துவீச்சாளராக இருந்தபோது, அளந்து பார்த்து, 15-ஐத் தாண்டியதால் நிறுத்தினார்கள். அதே ஆண்டு இலங்கையின் சச்சித்ர சேனநாயக்கவையும், மறு ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைனையும் நிறுத்தினார்கள். பல்லில்லாத விதி இப்படிக் கடிக்குமா?

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 'முரளியின் தூஸ்ரா 14, புது எல்லை 15. இது தற்செயலா?' சந்தேகம் நியாயமானது. ஆனால் எல்லை வைத்த காரணத்தைப் பார்க்கவேண்டும். அவரை மட்டும் உள்ளே விடுவதுதான் நோக்கம் என்றால், வேகப்பந்துக்காரர்களை 10-லேயே விட்டுவிட்டுச் சுழலுக்கு மட்டும் கூட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் உலகின் சிறந்த வேகப்பந்துக்காரர்கள் பலர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். புது எல்லையால் அதிகம் பிழைத்தவர்கள், யாரும் புகார் செய்யாமலே இருந்த அந்தப் பெரிய பெயர்கள்தான். ஒருவர் மட்டும் பத்து வருடம் ஏச்சு வாங்கினார். நிவாரணம் எல்லோருக்கும் கிடைத்தது. பெயர் மட்டும் அவருக்கு!

இன்னொரு வாதம் எண்ணிக்கை பற்றியது. 133 டெஸ்டில் 800 விக்கெட். ஷேன் வார்ன் 708. முரளியின் 800-இல் 176 ஜிம்பாப்வேக்கும் வங்கதேசத்துக்கும் எதிராக எடுத்தவை. 493 சொந்த மண்ணில் எடுத்தவை. ஆஸ்திரேலியாவில் ஆடிய 5 டெஸ்டில் கிடைத்தது 12 விக்கெட்தான். நம் நாட்டிலும் அவருக்கு விக்கெட் ஒவ்வொன்றும் சராசரியாக 45 ஓட்டத்துக்கு மேல் செலவு வைத்தது. இதெல்லாம் உண்மை. வார்ன்தான் பெரியவர் என்று இதை வைத்து ஒருவர் வாதாடலாம். அது கௌரவமான வாதம். ஆனால் 176-ஐக் கழித்தாலும் 624 மிஞ்சும். 1998-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைச் சாய்த்தாரே, அது சொந்த மண்ணும் இல்லை, எளிய எதிரியும் இல்லை. திறமையை எடைபோடுங்கள், தாராளமாக. நேர்மையைச் சந்தேகிப்பதற்கு மட்டும் எண்களைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

தமிழர்கள் நமக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஈழப் போர் பற்றி அவர் பேசியதும் பேசாததும் பலருக்கு வலித்தது. 2020-இல் அவர் வாழ்க்கைப் படத்தில் விஜய் சேதுபதி நடிக்கிறார் என்றதும் எதிர்ப்புக் கிளம்பி, முரளியே கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் விலகினார். படம் '800' என்ற பெயரில் வேறு நடிகரோடு 2023-இல் வந்தது. அந்த வலியைச் சின்னதாக்க எனக்கு உரிமை இல்லை. அது தனிக் கோப்பு. ஆனால் அவர் அரசியல் பிடிக்காதவர்கள், 'எப்படியும் அவன் மாங்கா அடித்தவன்தானே' என்று ஆஸ்திரேலியாக்காரனின் பழைய வசவைக் கடன் வாங்குவதைப் பார்க்கிறேன். அது சரியில்லை. ஒரு கோப்பில் இருக்கும் குறையை வைத்து இன்னொரு கோப்பில் தீர்ப்பு எழுதக் கூடாது. இது அலுவலகத்தில் முதல் மாதமே கற்றுக்கொடுக்கும் பாடம்.

கடைசியாக அவர் விடைபெற்ற விதம். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக ஆட வந்தபோது அவர் கணக்கில் 792. இந்த ஒரு டெஸ்ட்டோடு ஓய்வு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். இன்னும் ஒரு தொடர் ஆடி நிதானமாக 800-ஐத் தொட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எட்டு விக்கெட் கிடைத்தால் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டார். முதல் இன்னிங்ஸில் ஐந்து. இரண்டாவதில் இரண்டு. இந்தியாவுக்கு ஒரே ஒரு விக்கெட் பாக்கி. ஓவர்கள் போய்க்கொண்டே இருந்தன, விழவில்லை. ஜூலை 22 அன்று பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து ஸ்லிப்பில் நின்ற மஹேல ஜயவர்தனவின் கைக்குப் போனது. டெஸ்ட் வாழ்க்கையில் அவர் வீசிய கடைசிப் பந்து அதுதான்.

நான் ஓய்வு பெற்றதும் அதே மாதம்தான், ஜூலை 31. சால்வையும் சந்தன மாலையும் போட்டு, 'அப்பழுக்கற்ற பணி' என்று ஒரு பேச்சும் பேசி அனுப்பிவைத்தார்கள். பணியிலிருந்து போகும் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்கிற சம்பிரதாயப் பேச்சு அது. யாரும் என்னை அளந்து பார்த்துச் சொன்னதில்லை. முரளிதரனைக் கேமரா வைத்து, கணினி வைத்து, கையில் இரும்புக் கட்டுப் போட்டு அளந்துவிட்டுச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருக்கிறவர்கள் அவர் கையை விட்டுவிட்டு, தங்கள் கண்ணை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம் என்பது இந்தக் கோப்பில் என் தாழ்மையான குறிப்பு.